மீதி ஆறு மாசம்

எட்வர்ட் ஆபியின் 'டெசர்ட் சாலிடேர்' புத்தகத்தை நான் முதலில் படித்தது பள்ளிகொண்டாவில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில். லாக்டவுன் காலம். பகலில் லேப்டாப்பில் யாரோ ஒரு அமெரிக்க கிளையண்டுக்கு டிக்கெட் மூடிக்கொண்டிருப்பேன், ராத்திரி இந்தப் புத்தகம். பத்து பக்கம் தாண்டுவதற்குள் வேலையை விட்டுட்டு எங்கயாவது காட்டுக்குப் போயிடலாம்னு தோணிப்போச்சு. இந்தப் புத்தகத்தைப் படித்த முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் தோணியிருக்கும். அதுதான் இதன் பலம். இதன் மேல் எனக்கிருக்கும் சந்தேகமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1956, 57 கோடைகளில் ஆபி யூட்டா மாநிலத்தில், மோஆப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்ச்சஸில் பருவகால ரேஞ்சராக வேலை பார்த்தார். அன்றைக்கு அது தேசியப் பூங்காகூட இல்லை, தேசிய நினைவிடம்தான், பூங்காவானது 1971இல். குப்பை அள்ளுவது, கழிப்பறைகளுக்குப் பேப்பர் வைப்பது, கோக் மெஷின் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் வேலை. லீவு நாட்களில் சுற்றியிருக்கும் பள்ளத்தாக்குகளிலும் மலைகளிலும் அலைந்தார். 1968இல் வந்த புத்தகம் பல கோடைகளை ஒரே கோடையாகச் சுருக்கிச் சொல்கிறது.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷம் அப்பர் தைத்தவள்.

"கவர்மெண்ட் வேலையா?"

"ஆமா. ஆனா சீசன் வேலைம்மா. ஏப்ரல்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும்."

"மீதி ஆறு மாசம் சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

நான் படித்த எந்த மதிப்புரையிலும் இந்தக் கேள்வி இல்லை. அம்மாவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஏற்றுமதி ஆர்டர் இருந்தால் ஓவர்டைம், இல்லையென்றால் "சொல்லி அனுப்பறோம்". சீசன் என்ற சொல் எங்கள் வீட்டில் காலண்டரில் இல்லை, மளிகைக் கடை நோட்டில் இருந்தது.

ஆபி இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஊருக்குக் கிளம்புகிறார். மாதக்கணக்கில் தனியாக இருந்தவனுக்கு மனுஷச் சத்தமும் தேவைப்படுகிறது என்று ஒப்புக்கொள்கிறார், அது நேர்மையான இடம். ஆனால் அவருக்குப் பருவம் முடிவது என்பது ஒரு மனநிலை. திரும்பிப் போக ஒரு நகரம் இருக்கிறது, எழுத ஒரு டைரி இருக்கிறது. தனிமையைப் பற்றிய இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள், கொஞ்ச காலம் அவரோடு அங்கேயே தங்கவும் செய்தார்கள் என்று பிற்பாடு அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். புத்தகத்தில் அந்த டிரெய்லருக்குள் எலி உண்டு, வாசற்படிக்கடியில் விரியன் உண்டு, விரியனை விரட்ட வளர்த்த இன்னொரு பாம்பும் உண்டு. குழந்தை இல்லை.

இதை அவர்மேல் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. எழுத்தாளன் எதை வேண்டுமானாலும் விடலாம். ஆனால் என்ன விட்டால் பாலைவனம் காலியாகத் தெரிகிறது என்று கவனிக்கலாம், இல்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் அவர் வேலை செய்யும் பக்கங்கள்தான். ஒரே இடத்தில் தினமும் குப்பை அள்ளுகிறவனுக்கு மட்டும் கிடைக்கும் பார்வை அது. டார்ச் பற்றி ஓரிடம் வருகிறது: அதைப் போட்டால் அதன் சின்ன வட்டம் மட்டும்தான் நமக்கு, அணைத்தால் மொத்த இரவும் நமக்கு. கார்களைப் பூங்காவுக்குள் விடாதே என்று அவர் கத்தும் அத்தியாயம் புகழ்பெற்றது, எனக்கு அது மேடைப்பேச்சாகத்தான் படுகிறது. அதே அத்தியாயத்தில் புது ரோட்டுக்காக சர்வேயர்கள் நட்ட குச்சிகளை ராத்திரியில் நடந்துபோய்ப் பிடுங்கிப்போடுகிறாரே, அந்த அரைப் பக்கம் போதும் எனக்கு.

சரி, நம்ம ஊரில் இந்தப் புத்தகத்தை யார் எழுதியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு போன வருஷம் மார்ச்சில் மசினகுடியில் அறை எடுத்து, மூன்று வாரம் அங்கிருந்தே வேலை பார்த்தேன். ஆமாம், நானும் டூரிஸ்ட்தான். முதுமலை 1940இல் சரணாலயமானது, 2007இல் புலிகள் காப்பகம். கோடையில் அங்கே தீக்காவலுக்கு ஆள் எடுப்பார்கள், பெரும்பாலும் பக்கத்துப் பழங்குடி ஊர்களிலிருந்து. காற்று ஏறுவதற்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டி, சருகைக் கூட்டி, அளவாக எரித்து வைக்க வேண்டும். பிறகு புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை பிடித்தால் வேலை முடிந்தது.

அப்படி ஒரு காவலரோடு ஒரு சாயங்காலம், இருட்டும் நேரத்தில், சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். நான் போன் லைட்டைப் போட்டேன். "அணைங்க சார். லைட்ட போட்டா லைட்டு மட்டும்தான் தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபி ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவருக்கு அது அழகியல் கிடையாது. வெளிச்சத்துக்கு அப்பால் யானை நின்றால் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் மொழியில் காட்டைப் பற்றி எழுத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். மா. கிருஷ்ணன் இருக்கிறார், தியடோர் பாஸ்கரன் இருக்கிறார். டாப்ஸ்லிப்பின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' நம்மில் பலரைக் காட்டுப் பக்கம் திருப்பிய கதை. ஆனால் இவற்றில் காட்டைப் பார்ப்பவர் அறிஞராகவோ அதிகாரியாகவோ விருந்தாளியாகவோ இருக்கிறார். கூலிக்குப் பார்ப்பவன் பக்கத்தில் நிற்கிறான், வழிகாட்டுகிறான், போய்விடுகிறான். ஆபி என்னதான் தன்னை ஊதிக்காட்டினாலும் அங்கே குப்பை அள்ளியவரும் எழுதியவரும் ஒரே ஆள். எனக்குப் பொறாமை அந்த ஒரு விஷயத்தில்தான்.

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தை மறுபடி பார்த்தபோது இதுதான் உறுத்தியது. தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் பேசுகிறார்கள். ஒளி அவ்வளவு அழகு. படம் முழுக்க அன்பு இருக்கிறது, சம்பளம் இல்லை. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வந்தது. பெள்ளி அதுவரை தற்காலிகப் பணியாளர். காவடியாக அரசுப் பணி ஆணை கைக்கு வந்தது அதே வருஷம் ஆகஸ்ட்டில். அந்த வரிசையை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள்: முதலில் ஆஸ்கர், அப்புறம் வேலை.

ஆபி படகில் போய்ப் பார்த்த கிளென் கேன்யன் பிறகு அணைத் தண்ணீருக்குள் மூழ்கியது. புத்தகத்தின் துக்கம் பெரும்பாலும் அதுதான். மசினகுடியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு பள்ளிகொண்டாவில் பஸ்ஸை விட்டிறங்கி, பாலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மணல், கருவேலம், நடுவில் கறுப்பாக ஓர் ஓடை. தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். வடக்கே குடியாத்தம் தாண்டினால் ஆந்திர எல்லையில் கௌண்டின்யா சரணாலயம், அங்கிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கி வருவதும் உண்டு. முப்பத்தஞ்சு வயசில் இதில் ஒன்றையும் நான் நடந்து பார்த்ததில்லை. மூவாயிரம் ரூபாய் ஷூ வாங்கிக்கொண்டு நீலகிரி போனேன். அந்த ஷூகூட ஆம்பூரில் செய்தது.

ஜூனில் அந்தக் காவலருக்கு போன் செய்தேன். பின்னால் டிராக்டர் சத்தம். குண்டல்பேட்டை பக்கம் இஞ்சி வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். தை பிறந்தால் கூப்பிடுவார்களாம், கூப்பிட்டால் போவாராம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"இஞ்சிக்கு என்ன கூலி தர்றாங்களாம்?" என்றாள்.

நான் அதைக் கேட்கவில்லை.