விஸ்வநாதனா, ராமமூர்த்தியா?

சேத்தூரில் தென்காசி சாலையோரம் ஒரு டீக்கடை உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லி வைக்கிறேன். டீ குடிக்கலாம், பேப்பர் பார்க்கலாம், மேற்கே மலை கறுத்து வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்ற பெயரை மட்டும் வாய் தவறியும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கடைசி பஸ் போய்விடும்.

இந்த ஊருக்கு வாதம் புதிதல்ல. ஜமீன் காலத்தில் சேற்றூர்க் கவிராயர்கள் என்றால் தமிழ் உலகத்தில் தனி மதிப்பு இருந்தது. சிலேடைக்கும் யமகத்துக்கும் பொருள் கொள்வதில் அவர்கள் எவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றிருப்பார்களோ, நான் கண்டதில்லை. அந்த வாசனை ஊரைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை என்று மட்டும் தோன்றுகிறது. இப்போது அந்த இடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் நாற்பது வருஷம் மைக்செட் போட்ட அண்ணாச்சி. இன்னொருவர், ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். மூன்றாவது, ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போய்வரும் ஓர் இளைஞன். அண்ணாச்சி ராமமூர்த்தி கட்சி. வாத்தியார் விஸ்வநாதன் கட்சி. இளைஞனுக்குக் கட்சி கிடையாது. அவனுக்கு வேண்டியது வரிசை. "பெஸ்ட்டு அஞ்சு படம் சொல்லுங்க, நம்பர் போட்டுச் சொல்லுங்க" என்று செல்போனை எடுத்து வைத்துக்கொள்வான். நான் நாலாவது ஆள். நாவல் எழுதுகிறவன் என்பதால் மத்தியஸ்தம் செய்யத் தகுதி இருப்பதாக அவர்களாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

விவாதம் நடக்கிற முறையை முதலில் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் முறை எளியது. எந்தப் பாட்டிலாவது வயலின் மனத்தைப் பிடித்து இழுத்தால் அது ராமமூர்த்தி. அவர் திருச்சியில் பிறந்தவர், வயலின் வித்வான் என்பது இதற்கு ஆதாரம். வாத்தியாரின் முறையும் அவ்வளவுதான். மெட்டு நன்றாக இருந்தால் விஸ்வநாதன். ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வார்த்தை விழ விழ மெட்டுப் போட்டவர் அவர் என்பது சாட்சியம். சுமாரான பாட்டு ஒன்று அகப்பட்டால் இருவரும் அதை அடுத்தவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். இப்படியே போனால் 13 வருஷத்து வேலையில் பிழை எல்லாம் ஒருவருடையது, சிறப்பெல்லாம் இன்னொருவருடையது என்றாகும். எந்தக் கட்சி ஜெயித்தாலும் இந்த விகிதம் மாறாது.

13 வருஷம் என்பது சரியான கணக்கு. சி. ஆர். சுப்புராமனின் குழுவில் இருவரும் இருந்தார்கள். 1952-ல் அவர் சின்ன வயதிலேயே காலமானார். அதே வருஷம் என். எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தன. 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது, அதோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதைப் பற்றி ஊருக்கு ஒரு கதை உலவுகிறது. வம்பு வேறு, விமர்சனம் வேறு. எனக்கு அந்தக் கதைகள் வேண்டாம்.

ராமமூர்த்தி 1922-ல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928-ல். மூத்தவர் பெயர் பின்னால் போனது எப்படி என்பது அண்ணாச்சியின் முதல் குறை. வரிசையை முடிவு செய்தவர் என். எஸ். கிருஷ்ணன்தான், பெரியவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று சொன்னார் என்று ஒரு கதை உண்டு. "தாங்குகிறவனை யார் பார்க்கிறா?" என்பார் அண்ணாச்சி. 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. பிறகு பன்மை விகுதி உதிர்ந்து, மெல்லிசை மன்னர் என்றால் விஸ்வநாதன் ஒருவரே என்று வழக்காகிவிட்டது. இது அவருடைய இரண்டாவது குறை. இதில் நியாயம் இருக்கிறது. இலக்கணம் தெரிந்த வாத்தியாரும் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை.

பிரிந்த பிறகு ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று கட்சிக்காரர்கள் நம்புகிறார்கள். அண்ணாச்சி 1966-ல் வந்த 'மறக்க முடியுமா'வை எடுத்து வைப்பார். அடுத்த வருஷத்து 'நான்' படத்தை எடுத்து வைப்பார். வாத்தியார் நூற்றுக்கணக்கில் எடுத்து வைப்பார். எண்ணிக்கையில் அண்ணாச்சி தோற்றார். 'மறக்க முடியுமா'வில் சுசீலா பாடும் அந்த ஓடப் பாட்டின் தரத்தில் தோற்கவில்லை. ஆனால் இந்தக் கழித்தல் கணக்கே எனக்குச் சம்மதமில்லை. சேர்ந்திருந்தபோது ஒருவர் போட்டதை இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த 'வேண்டாம்' எந்த இசைத்தட்டிலும் பதிவாவதில்லை. பிரிந்த பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. 1965-க்கு முன்னால் இருந்த ஒரு விஸ்வநாதனும் ஒரு ராமமூர்த்தியும் அப்படியே பின்னாலும் இருந்தார்கள் என்று எண்ணுவது, குழம்பை இறக்கிய பிறகு புளியைத் தனியே எடுத்துக் காட்டு என்பது போலத்தான்.

அதற்கு மேல் இன்னொரு சங்கடமும் உண்டு. பங்கு பிரிப்பது என்று இறங்கினால் இரண்டு பேரோடு நிற்க முடியாது. சத்யத்தின் ஷெனாய் இல்லாமல், மங்களமூர்த்தியின் அக்கார்டியன் இல்லாமல் அந்தக் காலத்துப் பாட்டுகள் என்ன ஆகும்? கண்ணதாசன்? சுசீலா? இவர்களுக்கெல்லாம் அணா பைசா கணக்கில் பங்கு ஒதுக்கத் தொடங்கினால் டீக்கடை போதாது. சப் ரிஜிஸ்தரார் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும்.

இனி அந்த இளைஞனின் கேள்விக்கு வருகிறேன். எந்தப் படம் உயர்ந்தது?

அவன் கேட்கிற விதத்திலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாம் அவனுக்கு ஒரே வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்போனில் கிடைக்கின்றன. நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. 1962-ல் நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். சேத்தூரில் எங்களுக்குப் பாட்டு என்பது ஒற்றையாகத்தான் வரும். அரக்குத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். 1952-க்குப் பிறகு சில வருஷங்கள் இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்ததும், இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கத்துக் காதுகள் கொழும்பை விட்டுத் திரும்ப வெகுநாள் ஆயிற்று. அங்கேயிருந்தும் ஒற்றைப் பாட்டுத்தான் வரும். அடுத்தது வேறு படம். ஆகவே ஒரு படத்தின் பாட்டுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் நாங்கள் கேட்டது கீற்றுக் கொட்டகையில், மணலில் உட்கார்ந்து, கதையோடு சேர்த்துத்தான். எந்தப் படம் உயர்ந்தது என்பதற்கும் அந்த மணலில் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது என் கட்சி. பாட்டு, கதைக்குள் இருக்கும் ஒரு மனிதனின் வாயிலிருந்து வருகிறதா, இசையமைப்பாளரின் பெட்டியிலிருந்து வருகிறதா? இதுதான் என் அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 'கர்ணன்' முன்னால் போய் நின்றால் கொஞ்சம் தயக்கம் வருகிறது. 1964-ல் பொங்கலுக்கு வந்த படம். ஹிந்துஸ்தானி ராகங்களை அள்ளி எடுத்திருக்கிறார்கள். சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீநிவாஸ் என்று அன்றைக்கு இருந்த குரல்கள் எல்லாம் சபையில் ஆஜர். ஒவ்வொரு பாட்டும் தனியே நகைதான். எல்லா நகையையும் ஒரே கழுத்தில் போட்டுவிட்டார்கள். கர்ணன் வள்ளல் என்று பாடுகிறார்கள், பாடுகிறார்கள். கர்ணன் என்ற மனிதன் என்ன நினைத்தான் என்று நான் காத்திருக்கிறேன். தேர்க்காலில் அவன் சாய்ந்து கிடக்கும்போது சீர்காழியின் குரல் சக்கரவாகத்தில் எழுகிறதே, அங்கே மட்டும் என் ஆட்சேபம் கரைந்துவிடுகிறது. அந்தப் பாட்டு அவனை வாழ்த்தவில்லை; அவனிடம் மன்னிப்புக் கேட்கிறது.

நான் முதலிடம் கொடுப்பது 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்துக்கு. 1962-ல் ஸ்ரீதர் எடுத்தது. ஏறக்குறைய முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. புருஷன் நோயாளி, வைத்தியம் பார்க்கும் டாக்டர் மனைவியின் பழைய காதலர். பிழைக்க மாட்டேன் என்று பயந்த புருஷன், தனக்குப் பிறகு அவரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அதற்கு அவள் பாட்டில் பதில் சொல்கிறாள். பாட்டுகளின் முதல் அடியை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பீர்கள், கட்டுரை அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் ஓர் அழுகைப் பாட்டுப் போட்டிருப்பார்கள். இங்கே சிதார் பேசுகிறது. சுசீலாவின் குரல் தணிந்தே இருக்கிறது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவனை அவள் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறாள். கோபம் உண்டு, குரல் உயரவில்லை. பக்கத்து அறைகளில் நோயாளிகள் தூங்குகிறார்கள் என்பது மெட்டுக்கே தெரிந்திருக்கிறது.

புருஷன் பாடுவதற்கு பி. பி. ஸ்ரீநிவாஸின் குரல். மூச்சு அதிகம் வேண்டாத மெட்டு. நோயாளிக்கு அவ்வளவுதான் மூச்சு. டாக்டருக்கு ஏ. எல். ராகவனைப் பாட வைத்தார்கள். சௌந்தரராஜன் பாடியிருந்தால் அது கம்பீரமான தியாகமாக ஆகியிருக்கும். ராகவன் பாடியதால் ஒரு நல்ல மனிதன் சங்கடத்தோடு விலகி நிற்பதாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஸ்ரீதரே இதை ஹிந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். அங்கே சங்கர் - ஜெய்கிஷன், அதுவும் ஓர் இரட்டை. பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் துயரம் சற்று அகலமாகிவிட்டது; ஆஸ்பத்திரிக்குள் அடங்கவில்லை.

இவ்வளவையும் நான் ஒருநாள் டீக்கடையில் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி. அதுல எந்தப் பாட்டக் கல்யாண வீட்டுல போடுவீய?" என்றார். "தொட்டில் கட்டுற வீட்டுக்கு ஒரு புள்ளப் பாட்டு உண்டு. மத்ததெல்லாம் கதவச் சாத்திக்கிட்டுக் கேக்கறது. 'கர்ணன்' தட்டப் போட்டா கொடைக்கு வந்த கூட்டம் நிமிர்ந்து உக்காரும். பாட்டு படத்தவிட்டு வெளிய வந்து அம்பது வருசம் ஆச்சு. நீங்க இன்னும் கொட்டகைக்குள்ளயே உக்காந்திருக்கீய."

எனக்குப் பதில் தோன்றவில்லை. 2012-ல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்து நூறு நாளுக்கு மேல் ஓடியதையும் அவர் சொல்லிக்காட்டினார். கூம்புக் குழாய் வழியாக ஊரின் நல்லது கெட்டதுகளுக்குள் போய்ப் புழங்கும் பாட்டு வேறு ஒரு வாழ்க்கை வாழ்கிறது. அந்த வாழ்க்கைக்கு என்னிடம் அளவுகோல் இல்லை; அவரிடம் இருக்கிறது.

இன்னொரு நாள் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் 'புதிய பறவை'யின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினார். தேய்ந்த தட்டு, பழைய பெட்டி. அம்பது வருஷமாகக் கேட்டு வரும் பாட்டு. பெரிய வாத்தியக் கூட்டம் வைத்த ஆடம்பரம் என்று நான் அதை ஒதுக்கியே வைத்திருந்தேன். "பாடுறதக் கேக்காதீய. அவர் நிறுத்துற எடத்தக் கேளுங்க" என்றார். கேட்டேன். சௌந்தரராஜன் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் வயலின்கள் கிளம்பி வருகின்றன. ஆறுதல் சொல்ல வரவில்லை, துரத்த வருகின்றன. பாடுகிறவன் அடுத்த அடியைத் தொடங்குவது ஓடித் தப்பிக்கத்தான். கொலையை மறைத்து வைத்திருக்கும் ஒருவனுடைய தூக்கமின்மை அந்த இடைவெளிகளில் இருக்கிறது. கதைக்குள் இருக்கும் மனிதனைத் தேடிக்கொண்டிருந்த நான், அவனை அங்கே தவறவிட்டிருக்கிறேன்.

"துரத்துறது யாரு? அது மெட்டில்ல, தம்பி" என்றார்.

அது ராமமூர்த்திதான் என்பதற்கு என்ன ருசு? ஒன்றுமில்லை. அண்ணாச்சி வேறு ஒருவரோடு கூட்டாகத்தான் செட்டுத் தொழிலை ஆரம்பித்தார் என்பதும், போர்டில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது என்பதும், கூட்டுப் பிரிந்தபோது போர்டு அந்தப் பக்கம் போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். ராமமூர்த்தியைப் பற்றிப் பேசும்போது அவர் ராமமூர்த்தியை மட்டும் பேசுவதில்லை. ஆனால் அந்த வயலின்களைக் கேட்டவர் அவர். பட்சபாதம் இல்லாத நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சங்கீத விமர்சகர்கள் சினிமாப் பாட்டைப் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பத்திரிகைகள் ஒரு வரியில் 'பாட்டுகள் பரவாயில்லை' என்று எழுதி நகர்ந்தன. காது கொடுத்துக் கேட்டவர்கள் இந்தக் கட்சிக்காரர்கள்தான். தப்பான வழக்கை நடத்தி, வழியில் சரியான சாட்சிகளை எல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

1995-ல் இருவரும் மறுபடி சேர்ந்து 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இசையமைத்தார்கள். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இரண்டு கட்சியும் பேசுவதில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். வாத்தியார், "சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுப்பா" என்று கடைக்காரரிடம் திரும்பிக்கொண்டார்.

ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் காலமானார்கள். டீக்கடையில் வழக்கு நடந்துகொண்டேதான் இருக்கிறது. இளைஞனின் செல்போனில் நாலு இடம் பூர்த்தியாகிவிட்டது: 'கர்ணன்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'புதிய பறவை', 'பாவமன்னிப்பு'. முதலிரண்டை மாற்றிப் போடும்படி நான் மனுக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவதுக்கு வாத்தியார் 'பாசமலர்' என்கிறார், அண்ணாச்சி 'பாலும் பழமும்' என்கிறார். இரண்டும் 1961-ல் பீம்சிங் எடுத்தவை. நேற்று அந்த இடத்தில் பேச்சு நிற்கும்போது மணி ஒன்பதரை. நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.