அச்சே 2006: சமாதானத்தைக் கொண்டுவந்தது சுனாமியா?

2004 டிசம்பர் 26. இந்தோனேசியாவின் பந்தா அச்சே சிறைக்குள் கடல் புகுந்தது. கூரைக்கு ஏறித் தப்பித்தவர்களில் ஒருவர் இர்வாண்டி யூசுப். கால்நடை மருத்துவர், அச்சே விடுதலை இயக்கத்துக்காரர். இரண்டே வருஷத்தில், 2006 டிசம்பர் 11 தேர்தலில், அவர்தான் மாகாண ஆளுநர். (அங்கே ஆளுநர் நியமனப் பதவி இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் "சுனாமி சமாதானத்தைக் கொண்டுவந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது இல்லை.

ஒரே இன்புட்டுக்கு இரண்டு அவுட்புட் வந்தால், காரணத்தை வேறு இடத்தில்தானே தேடணும்? அதே அலை அதே நாளில் இலங்கையையும் அடித்தது. நிவாரணத்தைப் பகிர 2005 ஜூனில் அரசும் புலிகளும் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 2006-ல் மறுபடி போர்.

அச்சேயில் நடந்தது வேறு. ரகசியப் பேச்சு முயற்சிகள் அலைக்கு முன்பே தொடங்கிவிட்டன. 2003 முதல் நடந்த ராணுவ நடவடிக்கையில் இயக்கமும் களைத்திருந்தது. அலை அந்தப் பேச்சை வேகப்படுத்தியது, உலகத்தின் கண்ணையும் அங்கே திருப்பியது. மறுக்கவில்லை. ஆனால் 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் இயக்கம் தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டது. அரசு உள்ளூர் அரசியலுக்கு வழிவிட்டது. அடுத்த வருஷம் வந்த சட்டத்தில், கட்சி இல்லாமல் சுயேச்சையாக நிற்கலாம் என்று ஒரு விதி. இந்தோனேசியாவிலேயே முதல்முறை.

என் கணிப்பில் கதையின் திருப்பம் அந்தச் சின்ன விதிதான். இயக்கத்தின் மூத்த தலைவர்கள் ஒரு கட்சி வேட்பாளரை ஆதரித்தார்கள். அவர்களை மீறிச் சுயேச்சையாக நின்ற இர்வாண்டி, எட்டு அணிகள் மோதிய தேர்தலில் சுமார் 38 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். துப்பாக்கி பிடித்த இயக்கத்துக்குள் இருந்த சண்டையை ஓட்டுப்பெட்டி தீர்த்துவைத்தது. இதை எந்த அலையும் செய்யாது.

அதற்காக இர்வாண்டியை வீரநாயகன் ஆக்கவும் வேண்டாம். 2017-ல் மறுபடி ஜெயித்தவர், 2018-ல் ஊழல் வழக்கில் கைதாகி, பிறகு தண்டனையும் பெற்றார்.

அச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்தச் சாவுக்கு 'பலன்' என்று சமாதானத்தை எழுதினால், உட்கார்ந்து பேசினவங்க உழைப்பும் மறைந்துபோகும், பேசாம விட்டவங்க பொறுப்பும் கழன்றுபோகும். எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவதுதான்.