நில் என்ற கையைத் தாண்டி ஓடியவர்

1956 ஜூலை 25. பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம். பேஸ்பால் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது நடக்கிறது. சிகாகோ கப்ஸ் 8, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 5. மூன்று பேஸ்களிலும் பைரட்ஸ் ஆட்கள் நிற்கிறார்கள். இன்னும் ஒரு அவுட்கூட விழவில்லை. ஜிம் பிராஸ்னன் வீசிய முதல் பந்தையே ஓங்கி அடிக்கிறார் 21 வயது ராபர்டோ கிளெமென்டே. இடப்பக்கம் ஆழத்தில் போய் விழுந்த பந்து தெறித்து உருண்டு ஓடுகிறது. பேஸ்களில் நின்ற மூவரும் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டார்கள். 8-8.

கிளெமென்டே மூன்றாவது பேஸை நெருங்குகிறார். அங்கே கோட்டுக்கு வெளியே நின்ற மேலாளர் பாபி பிராகன் இரண்டு கைகளையும் தூக்குகிறார்: நில்! கணக்குப்படி அதுதான் சரி. மூன்றாவது பேஸில் ஆளை நிறுத்திவிட்டால், அடுத்து வருகிற மூவரில் யாராவது ஒருவர் அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். ஓடினால், பந்து முந்திக்கொண்டால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும். கிளெமென்டே ஓடினார். சறுக்கி விழுந்து கையால் பிளேட்டைத் தொட்டார். 9-8. பந்து வேலியைத் தாண்டாமலே, நான்கு பேரும் ஓடியே ஓட்டம் சேர்த்து, அந்த அடியோடு ஆட்டமும் முடிந்தது. இப்படி இன்னோர் ஆட்டம் பேஸ்பால் பதிவேடுகளில் இல்லை.

கிளெமென்டே 18 பருவங்கள் ஆடினார். அவர் சேர்த்த எண்கள் பெரியவை. ஆனாலும் அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஓட்டம் போதும் என்பது என் எண்ணம். அவர் விட்டுச் சென்ற பைரட்ஸ் அணி இன்று எங்கே நிற்கிறது என்பதற்கும் இதே ஓட்டம்தான் அளவுகோல்.

நான்காயிரம் டாலருக்குக் கிடைத்த புதையல்

புவேர்ட்டோ ரீக்கோ தீவின் கரோலினா ஊரில் 1934 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர் கிளெமென்டே. அப்பா மெல்ச்சோர் கரும்புத் தோட்டத்தில் கங்காணி. வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் முன்பணம் கொடுத்து இவரை எடுத்தது. அன்றைய விதிப்படி, 4,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய வீரரை முதன்மை அணியில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பினால், பருவம் முடிந்ததும் வேறு அணி வந்து தூக்கிக்கொண்டு போகலாம். டாட்ஜர்ஸ் இவரை மான்ட்ரியலில் இருந்த தன் இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பி, அதிகம் ஆடவிடாமல் மூடி மறைத்துப் பார்த்தது. பைரட்ஸின் ஆள்தேடியான கிளைட் சுக்ஃபோர்த் கண்ணுக்கு அது தப்பவில்லை. முந்தைய பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணி என்பதால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பைரட்ஸுக்கு இருந்தது. 1954 நவம்பரில், வெறும் 4,000 டாலருக்கு, அந்த அணி தன் வரலாற்றையே மாற்றிக்கொண்டது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பேஸ்பால் பழகாத வாசகருக்கு ஒரு வார்த்தை. பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் பிழை எதுவும் இல்லாமல் பத்திரமாக ஒரு பேஸைச் சேர்வதுதான் ‘ஹிட்’. பத்து முயற்சியில் மூன்று முறை இதைச் செய்பவர் சிறந்த மட்டையாளர். வாழ்நாள் முழுக்கக் கிளெமென்டேயின் சராசரி 0.317. தேசிய லீகின் பேட்டிங் பட்டம் நான்கு முறை: 1961, 1964, 1965, 1967. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது 1966இல்.

ஹோம் ரன் மட்டும் 240தான். அவர் காலத்தின் பெரிய பெயர்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. காரணம் மைதானத்தில் இருக்கிறது. ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் இட-நடுப் பகுதியில் வேலி 457 அடி தொலைவில் இருந்தது. அங்கே வேலியைத் தாண்ட அடிப்பது வீண் முயற்சி என்று புரிந்துகொண்ட கிளெமென்டே, இடைவெளி பார்த்து அடித்துவிட்டு ஓடும் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டார். ஒரே அடியில் மூன்று பேஸ் ஓடிச் சேர்வது பேஸ்பாலில் அரிது. அவர் அதை 166 முறை செய்திருக்கிறார்.

மட்டை பிடிக்க வரும்போது கழுத்தை இரண்டு பக்கமும் நெளித்து, சுழற்றிவிட்டுத்தான் நிற்பார். பார்த்தவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள், அது வலி. 1954 டிசம்பரில், இன்னும் பைரட்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதபோதே, குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவரின் கார் இவர் கார்மீது மோதியது. முதுகெலும்பு வட்டுகளில் பட்ட அடி கடைசிவரை கூடவே இருந்தது. ஆனால் பத்திரிகைகள் அவரை நோயாளி வேஷம் போடுபவர் என்று எழுதின.

மட்டையைவிட அவருடைய கைதான் எதிரணியை அதிகம் பயமுறுத்தியது. வலப்புற வெளிக்களம் அவர் இடம். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டோரம் நிற்பவர் பந்தை எடுத்து, ஒரு துள்ளலும் இல்லாமல் நேராக ஸ்டம்ப்பில் அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1961 பருவத்தில் மட்டும் இவர் எறிதலால் 27 பேர் அவுட். தங்கக் கையுறை விருது 1961 தொடங்கி 1972வரை ஓராண்டும் விடாமல் 12 முறை. வெளிக்களக்காரர்களில் வில்லி மேஸ் ஒருவர்தான் இதற்குச் சமம்.

ஓர் எண் மட்டும் தனியே பேச வேண்டியது. 1972 செப்டம்பர் 29. 2,999 ஹிட்களோடு நிற்கிறார். முதல் இன்னிங்ஸிலேயே அடித்த பந்து எதிரணி ஆளின் கையுறையில் பட்டு நழுவுகிறது. ஹிட்தான் என்று அரங்கம் ஆர்ப்பரிக்க, அதிகாரப்பூர்வக் கணக்காளர் அதைப் பிழை என்று எழுதிவிடுகிறார். மறுநாள், நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லேக் வீசிய பந்தை இட-நடுப் பக்கம் விரட்டி, இரண்டாவது பேஸில் போய் நின்றார். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 3,000. அரங்கில் இருந்தவர்கள் 13,117 பேர் மட்டுமே. தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். அந்த லீக் பருவத்தில் அதன்பின் அவர் மட்டை பிடிக்கவில்லை. அடுத்த பருவம் அவருக்கு இல்லை என்பது அந்த 13,117 பேரில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

‘பாப்’ இல்லை, ராபர்டோ

கறுப்பர், அதோடு ஸ்பானிய மொழி பேசுபவர். அன்றைய அமெரிக்காவில் இரண்டு சுமை. ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடக்கும்போது வெள்ளை வீரர்கள் உணவகத்தில் சாப்பிடுவார்கள். கறுப்பு வீரர்கள் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். நிருபர்கள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே கொச்சையாக அச்சிட்டுக் கேலி செய்தார்கள். ராபர்டோ என்ற பெயர் வாயில் நுழையாதது போல, வீரர் அட்டைகளில் பல ஆண்டுகள் ‘பாப்’ என்றே அச்சடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திருத்தினார்: என் பெயர் ராபர்டோ.

1971 செப்டம்பர் 1 அன்று, மேலாளர் டேனி மர்டா களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். முதன்மை லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. மூன்றாவதாக மட்டை பிடித்தவர் கிளெமென்டே. அடுத்த மாதம், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் எதிரே பால்டிமோர் ஓரியோல்ஸ். அந்தப் பருவத்தில் ஆளுக்கு 20 வெற்றி கண்ட நான்கு பந்துவீச்சாளர்கள் கொண்ட அணி. முதல் இரண்டு ஆட்டமும் பைரட்ஸுக்குத் தோல்வி. 37 வயது கிளெமென்டே ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்தார், சராசரி 0.414. ஏழாவது ஆட்டத்தில் மைக் குயேயர் பந்தில் ஹோம் ரன். பைரட்ஸ் 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 1960 தொடரிலும் ஏழு ஆட்டத்திலும் அவர் ஹிட் அடித்திருந்தார். ஆக, ஆடிய 14 உலகத் தொடர் ஆட்டங்களில் ஒன்றில்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை.

வெற்றிக்குப் பின் தொலைக்காட்சி மைக் அவர் முன் நீண்டது. ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால், ஸ்பானிய மொழியில் தன் பெற்றோரிடம் ஆசி கேட்டார். உச்சரிப்பைக் கேலி செய்த நாடு முழுக்க அவருடைய தாய்மொழியைக் கேட்டது.

கடைசி ஓட்டம்

1972 டிசம்பர் 23. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் கிளெமென்டே ஓர் அமெச்சூர் அணிக்கு மேலாளராக அங்கே போய்வந்திருந்தார். உடனே நிவாரணம் திரட்டினார். அனுப்பிய பொருட்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகாமல் சர்வாதிகாரி சோமோசாவின் படையாட்கள் கையில் சிக்குகின்றன என்று செய்தி வந்தது. நான் நேரில் நின்றால் யாரும் தொடமாட்டார்கள் என்று புறப்பட்டார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய பழைய டிசி-7 விமானம், சான் ஹுவானில் மேலெழும்பிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அதிலிருந்த ஐந்து பேரும் மடிந்தார்கள். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 38.

அந்த விமானத்தில் ஏறியிருக்கக் கூடாது என்று இன்று சொல்வது எளிது. விமானம் பறக்கத் தகுதியற்றது. அதைப் பறக்கவிட்டவர்கள் மீதுதான் குற்றம். ஏறியவரைப் பொறுத்தவரை, 1956இல் மூன்றாவது பேஸில் செய்ததையே செய்தார். அடுத்த ஆள் பார்த்துக்கொள்வான் என்று நிற்க அவருக்குத் தெரியாது.

சுவரும் சம்பளப் பட்டியலும்

பேஸ்பால் உலகம் அவருக்குக் குறை வைக்கவில்லை. ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியை ஒதுக்கிவைத்து 1973இலேயே புகழரங்கில் சேர்த்தது. அங்கே நுழைந்த முதல் லத்தீன் அமெரிக்கர் அவர்தான். களத்துக்கு வெளியே செய்யும் தொண்டுக்காக லீக் தரும் விருதுக்கு அவர் பெயர். செப்டம்பர் 15 அவருடைய நாள். பிட்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கும் அவர் பெயர். ஆட்டம் நடக்கும் நாளில் அதில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், ரசிகர்கள் நடந்தே மைதானம் சேர்கிறார்கள். 2001இல் திறந்த பிஎன்சி பார்க்கில் வலப்புறச் சுவரின் உயரம் 21 அடி. அது அவர் சட்டையின் எண்.

அந்தச் சுவரில் இருந்த 21 என்ற சின்னத்தை எடுத்துவிட்டு, 2025 பருவத் தொடக்கத்தில் ஒரு மதுபான விளம்பரத்தை மாட்டியது பைரட்ஸ் நிர்வாகம். குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள், மகன் மனம் நொந்து பேசினார். சில நாளில் நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டு எண்ணைத் திரும்ப வைத்தது. வைத்தது நல்லது. ஆனால் என் வருத்தம் அந்த விளம்பரத்தோடு முடியவில்லை.

1979க்குப் பிறகு பைரட்ஸ் உலகத் தொடரை வெல்லவில்லை. அதில் ஆடக்கூட இல்லை. 1992 முடிவில் நட்சத்திர வீரர் பாரி பாண்ட்ஸ் அணியை விட்டுப் போனார். 1993 முதல் 2012வரை தொடர்ந்து 20 பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அணியை மீட்டெடுத்த ஆண்ட்ரூ மெக்கட்சன், 2013இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 2015இல் கிளெமென்டே விருது பெற்றவர். அவரையும் பந்துவீச்சாளர் கெரிட் கோலையும் 2018 ஜனவரியில் ஒரே வாரத்தில் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். இப்போது பால் ஸ்கீன்ஸ். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ஓட்டத்துக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்து, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வென்றார். அவர் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. பின்னால் நின்று ஓட்டம் சேர்க்க ஆளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது.

சிறிய நகரம், சிறிய தொலைக்காட்சி வருமானம், சம்பள உச்சவரம்பு இல்லாத லீக். நிர்வாகம் சொல்லும் இந்தக் காரணங்கள் பொய்யில்லை. பிராகன் தூக்கிய கைகளும் பொய்யில்லை. கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் இதே சிறிய நகரம்தான் பணக்கார டாட்ஜர்ஸ் ஒளித்துவைத்த இளைஞனைக் கண்டெடுத்தது. 2008இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இந்திய ஈட்டி எறிபவர்களை ஒப்பந்தம் செய்ததும் இதே அணிதான், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அவர்கள் கதை. இருவரும் முதன்மை லீகை எட்டவில்லை. ஆனாலும் பிறர் பார்க்காத இடத்தில் தேடும் துணிச்சல் அதில் இருந்தது. தேடத் தெரிந்த அணி, கண்டெடுத்தவரைத் தக்கவைத்துச் சுற்றிலும் ஒரு அணியைக் கட்டும் கட்டம் வந்ததும் மூன்றாவது பேஸில் நின்றுவிடுகிறது. ஸ்கீன்ஸ் விஷயத்திலும் நின்றுவிட்டால், 21 அடிச் சுவர் வெறும் செங்கல்தான்.

பிட்ஸ்பர்க்கில் கிளெமென்டேக்கு அஞ்சலி வழிபாடு நடந்தபோது அணியினர் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர. விக்கெட் கீப்பருக்கு ஒப்பான கேட்சர் இடத்தில் ஆடிய நண்பர் மானி சாங்கியேன் வரவில்லை. அவர் அப்போது சான் ஹுவான் கடலில், முக்குளிப்பவர்களோடு சேர்ந்து மூழ்கி மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார்.