அந்தவனும் ஆண்டவனும்

செங்கம், தருமபுரி வட்டாரங்களில் வயல்வெளி கடந்து செல்வோர் ஒரு காட்சியைப் பல இடங்களில் காணலாம். மரத்தடியிலே ஒரு பலகைக் கல். அதன்மீது எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம். யார் இந்தக் கடவுள் என்று கேட்டால் ‘வேடியப்பன்’ என விடை வரும். வேடியப்பன் யார் என்று கேட்டாலோ விடை வராது. அந்த விடை பல வேளைகளில் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது; படிக்கவொட்டாமல் எண்ணெய் மறைத்து நிற்கிறது!

இறந்தோர் கல்லில் நம் முன்னோர் எழுதியதுதான் என்ன? 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த கற்களுள் ஒன்றைப் பார்ப்போம். உருவம் ஏதுமில்லை, தமிழி எழுத்துகள் மட்டுமே. ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது பொருள். ஆகோள் என்பது தொல்காப்பியம் வெட்சித் திணையிலே கூறும் சொல். ஏட்டில் கண்ட சொல் கல்லிலும் கிடைத்தது! அதற்குமுன் தமிழி எழுத்தைப் பெரிதும் சமணர் குகைகளிலும் பானை ஓடுகளிலுமே கண்டோம். எழுத்துப் பொறித்த நடுகல்லைச் சங்கப் புலவர் பாடியது வெறுங் கற்பனையோ என ஐயுறுவோர்க்கும் இடமிருந்தது. அவ்வையம் தீர்ந்தது. மன்னன் மாளிகையில் அன்று, மாடு கவரப் போய் மாண்டவன் கல்லிலே எழுத்து! கல்வி தங்கள் குலச்சொத்து என்று மார்தட்டியோர் அந்தக் கல்லின் எதிரே சற்று நிற்கட்டும்.

அக்கல்லில் மோட்சமில்லை, மறுபிறவியில்லை. பெயரும் ஊரும் செயலும் உண்டு, அவ்வளவே.

பல்லவர் காலத்தில் வாசகம் நீண்டது. மன்னனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், பிறகு நிகழ்ச்சி, முடிவில் ‘பட்டான் கல்’. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்த கருந்தேவகத்தியை அது குறிக்கிறது. அருகிலே ஒரு நாயின் உருவம். கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம்! நாய்க்கும் பெயர் எழுதி நன்றி சொன்ன நாட்டிலே, மனிதனின் பெயரை எண்ணெயில் மூழ்கடித்துவிட்டு வரம் கேட்கிறோம்.

இங்கே நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. நடுகல்லுக்குக் கள்ளும் மயிற்பீலியும் படைத்ததைச் சங்கப் பாடல்களே கூறுகின்றன. வழிபாடு முழுவதும் பிற்காலத்தார் புகுத்தியது என்று சொன்னால் அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய். அந்தவன் பட்ட ஆகோளும் பிறர் மாட்டைக் கவரும் செயலே. தலைவனுக்காக உயிர் விட்டோரின் வீட்டாருக்கு உதிரப்பட்டி என நிலம் கொடுத்த வழக்கமும் பின்னே இருந்தது. குருதிக்கு விலை நிலம்! வீரம் வீரம் என்று மேடையிலே முழங்கும் நாம், யாருக்காக மாண்டான் என்ற கேள்வியையும் கேட்க வேண்டாவா?

ஆயினும், படையலுக்கு நடுவிலும் பண்டையோர் இறந்தவன் பெயரைக் கல்லில் விட்டு வைத்தனர். பிற்காலக் கற்களிலோ தேவமகளிர் வந்து வீரனை வானுலகுக்கு ஏந்திச் செல்கின்றனர். இலிங்கம் ஏறி அமர்கிறது. இறந்தவனின் செயல் சுருங்க, சொர்க்கம் விரிகிறது. அதனினும் கொடிது சதிக்கல். வளையணிந்த ஒரு கை உயர்ந்து நிற்கும். கணவன் பிணத்தோடு எரிந்தவள் என்பதற்கு அதுவே அடையாளம். அவள் யார், என்ன நினைத்தாள், எவர் தள்ளினார் என்பதற்கு அக்கையில் விடையில்லை. அதையும் ‘மாலையம்மன்’ என்று கும்பிடுகிறோம்!

1972இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக்கியது. இன்னும் படிக்கப்படாத கற்கள் புதர்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடக்கின்றன. தோழர்கள் தம் ஊரில் அத்தகைய கல்லைக் கண்டால் நிழற்படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுக. கத்தியால் மட்டும் சுரண்டற்க. எண்ணெயோடு எழுத்தும் போய்விடும்.