மாவுக் கோழியும் மறைந்த கட்டளையும்

கதையின் திருப்பம் முன்னமே தெரிந்துவிட்டால் சுவை போயிற்று என்பது இக்கால வழக்கு. வீடியோ கேம் கதைகளையும் இளைஞர்கள் இப்படித்தான் எடை போடுகிறார்கள். நான் வேறு விதமாக எண்ணுகிறேன். திருப்பத்தின் மதிப்பு எதிர்பாராமையில் இல்லை. அதன்பின் நடத்தை மாறுகிறதா என்பதில்தான் உண்டு.

2007-இல் வெளிவந்த பயோஷாக் விளையாட்டைப் பேரன் ஆட, பக்கத்தில் அமர்ந்து முழுதும் பார்த்தேன். கதை நடப்பது 1960-இல். விமானம் விழுந்து, அட்லாண்டிக் கடலடியிலுள்ள ரேப்சர் நகரை அடைகிறான் ஜாக். அட்லஸ் என்பவன் ரேடியோவில் வழி சொல்ல, ஆடுபவரும் சொன்னபடி சுட்டுக்கொண்டே போகிறார். அட்லஸின் கட்டளைகளில் ‘தயைகூர்ந்து’ என்று பொருள்படும் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மரியாதைப் பேச்சுதானே என்று விட்டுவிடுகிறோம். நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரயன் எதிரில்தான் உண்மை உடைகிறது. அத்தொடரைக் கேட்டால் மறுக்க இயலாதபடி பழக்கப்பட்டவன் ஜாக். ரயனைக் கொல்லும்போது ஆடுபவர் கையிலிருந்தும் ஆட்டம் பிடுங்கப்படுகிறது. “சொன்னதையெல்லாம் நானும் செஞ்சுட்டே வந்தேனே தாத்தா!” என்றான் பேரன். அதுதான் இத்திருப்பத்தின் வெற்றி.

யசோதர காவியத்தை இங்கு நினைக்க வேண்டும். தாய் சந்திரமதி வற்புறுத்த, உயிர்க்கோழிக்குப் பதில் மாவுக் கோழியைப் பலியிட்டான் யசோதரன். மாவுதானே, தாய் சொல்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை. இருவரும் விலங்குப் பிறவிகள் பல எடுத்தார்கள். பின்னர் மாரிதத்தன் முன் பலிக்கு நிறுத்தப்பட்ட இளந்துறவியர் இருவர் தம் கதையைச் சொல்கிறார்கள். அவர்களே அந்த யசோதரனும் சந்திரமதியும்! இதுவும் திருப்பம்தான். கேட்ட மன்னன் பலியை விட்டான், துறவும் பூண்டான்.

பயோஷாக் தவறுவது இவ்விடத்தில்தான். ரயன் இறந்தபின் டெனன்பாம் என்ற பெண் விஞ்ஞானி ஜாக்கின் மனக்கட்டை அவிழ்க்கிறாள். பிறகு? அவளும் ரேடியோவில் வழி சொல்கிறாள், ஆடுபவரும் பழையபடி சுடுகிறார். குரல் மாறிற்றே தவிரக் கீழ்ப்படிதல் மாறவில்லை. சிறுமியரைக் காப்பதா, அவர்கள் உடலிலுள்ள ஆதாம் என்ற பொருளுக்காக அழிப்பதா என்ற தெரிவு ஆடுபவருக்கு உண்டு. முடிவும் அதற்கேற்ப மாறும். மறுக்கவில்லை. ஆனால் அத்தெரிவு முன்பே இருந்தது, திருப்பம் தந்ததன்று.

முடிவு தெரிந்தேதான் யசோதர காவியத்தை மீண்டும் மீண்டும் படிக்கிறேன். பேரனும் பயோஷாக்கை இரண்டாம் முறை ஆடினான். அத்தொடர் காதில் விழும்போதெல்லாம் ஒரு கணம் கை நின்றது. ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் கதை நகராது. அப்படி நின்ற கைக்கும் ஒரு வழி வைத்திருக்கலாம்.