முதல் காலத்தில் ஒரு சறுக்கல்

ஆரம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேகம் புதிதல்ல. தடா எல்லையைத் தாண்டி வருகிற லாரிகளும், ஸ்ரீசிட்டிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ்களும் ராப்பகலாக எங்கள் வாசலில்தான் பறக்கின்றன. பழகாதது சறுக்கல். கோடை முழுக்கத் தாரில் படிந்த ஆயிலும் டயர்த் தூளும் ஐப்பசியின் முதல் தூறலில் குழைந்து சாலை வழவழக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், இருபது வருஷம் வண்டி ஓட்டியவர்கூட ஆடிப்போய்விடுகிறார். வண்டி பிடியை விடும்போது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் அதுவரை காட்டியதில்லை.

அதைக் காட்டித் தருவதற்காகவே கார் கிளப்புகள் நடத்துகிற நாள் ஒன்று உண்டு. காலையில் ஸ்கிட்பேன் என்கிற, தண்ணீர் விட்ட தளத்தில் சறுக்கல் பயிற்சி, இன்னொரு வேளை பந்தயத் தடத்தில் ஓட்டம். கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகருக்காகப் போவதுபோல, நான் இந்த நாட்களுக்கு அவற்றை நடத்துகிறவர்களின் கைத்திறனைப் பார்க்கத்தான் போகிறேன்.

எங்கள் சாலைக்கு இதில் பழைய உறவு இருக்கிறது. ஆரம்பாக்கத்திலிருந்து சென்னையைப் பார்க்கப் போனால், செங்குன்றத்துக்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விமானத்துக்குப் போட்ட காங்கிரீட்டில் காரும் பைக்கும் சீறியதைப் பார்க்க ஊரே திரண்டதை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தடம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இப்போது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருப்பதால், விடியலில் கிளம்பினால் நகரத்துக்குள் நுழையாமலே போய்ச் சேரலாம்.

நன்றாக நடக்கிற தட நாளை அதன் காலைப்பொழுதிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஒருவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வருவார். டிரைவர் காலடி மிதியடியை எடுக்கச் சொல்வார். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலை வெளியே எறியச் சொல்வார். பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்ததும் முகம் மாறும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். கொதித்து ஆவிக் குமிழி விழுந்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகும், வண்டி நிற்காது. பழுப்பேறிய ஆயிலைப் பார்த்து, "இன்னிக்கு நீங்க ஓட்ட வேண்டாம் சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்தவரை நான் வித்வான் என்பேன்.

அப்புறம் ஆட்களைப் பிரிப்பது. பெரிய கார், சின்னக் கார் என்று பிரித்தால் அந்த நாள் கெட்டது. ஓட்டுகிறவரின் அனுபவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். விலை உயர்ந்த காரில் வந்த புதியவரை, பழைய மாருதியில் வந்த இன்னொரு புதியவரோடு மனம் கோணாமல் சேர்த்து அனுப்புவது எளிய வேலையில்லை. முந்துவது நேர்த்தடத்தில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டிய பிறகு. வளைவுதோறும் கொடியோடு ஒரு மார்ஷல், வெயிலில் நாள் முழுக்க நின்றபடி. மஞ்சள் கொடி என்றால் ஆபத்து. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் தரை வழுக்குகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு வெளியே போனால், அடுத்த ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு சக்கரம்கூட உருளக்கூடாது. எத்தனை பேர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினாலும் இதில் அசையாதவரே நல்ல அமைப்பாளர்.

ஆனாலும் என் மனசு ஸ்கிட்பேனில்தான் இருக்கிறது. தடத்தில் காதை அடைக்கும் சத்தம், இங்கே அமைதி. பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கோன்களை வைத்து, வண்டி சுற்றுகிற பாதையில் தண்ணீர் விடுகிறார்கள். காய்ந்த தாரில் அந்த வட்டத்தைச் சுமார் 39 கிலோமீட்டர் வேகம் வரை பிடி விடாமல் சுற்றலாம். நனைந்து பிடிமானம் பாதியானால் 28ஐத் தொடும்போதே டயர் கைவிரித்துவிடும். நூறில் நெடுஞ்சாலையில் நேர்கிற அதே சறுக்கல் இங்கே சைக்கிள்காரர் எட்டிப் பிடிக்கிற வேகத்தில் நேர்கிறது. மூன்றாம் காலத்தில் வழுக்கிப் போகிற வரிசையைப் பாட்டு வாத்தியார் முதல் காலத்துக்கு இறக்கி, ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்திப் பாட வைப்பாரே, அதேதான். எது எங்கே நழுவுகிறது என்பது அப்போதுதான் காதில் விழும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி லாரி யார்டு ஒன்றில் இப்படி நடந்தது. தண்ணீர் லாரிக்காரரிடம் அமைப்பாளர் பேசியதில் பாதி நாள் போனது. போகாமல் இருக்குமா? நம் வெயிலில் விட்ட தண்ணீர் சில நிமிஷத்தில் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடுகிறது. ஈரத்தில் பக்கவாட்டில் வழுக்கி வருகிற வண்டி, காய்ந்த திட்டில் ஏறினால் டயர் சட்டென்று தரையைக் கவ்வும். சக்கரம் திரும்பியிருக்கிற பக்கம் வண்டி வெடுக்கென்று பாயும். அதனால் ஒவ்வொரு வண்டி இறங்கியதும் அமைப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வட்டத்தைச் சுற்றி வந்தார். எங்கே சூடு ஏறியிருக்கிறது என்று பாதம் சொன்னது. "அண்ணே, கிழக்குப் பக்கம் இன்னொரு நடை" என்பார். லாரி மெதுவாக நகரும்.

ஒரு பையன், இருபத்திரண்டு இருக்கும், அப்பாவின் காரோடு வந்திருந்தான். முதல் நாலு சுற்றும் ஒரே தவறு. முன்சக்கரம் வழுக்கி வண்டி வெளியே தள்ளத் தள்ள, இவன் ஸ்டீயரிங்கை இன்னும் இன்னும் ஒடித்தான். கோன்கள் சடசடவென்று விழுந்தன.

"திருப்பாத தம்பி. ஆக்ஸிலரேட்டரை லேசா விடு. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கு."

"நேராக்கினா வெளிய போயிடாதாண்ணே?"

"ஏற்கெனவே வெளியதான் போய்க்கிட்டிருக்க. டயருக்கு மூச்சு விட நேரம் குடு."

பக்கத்து சீட்டில் இருந்தவர் டாஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். விடு, பொறு, இப்போ திருப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல். ஏழாவது சுற்றில் வண்டி வெளியே தள்ளத் தொடங்கியது, பையனின் கை தளர்ந்தது, ஒரு கணம் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது, பிறகு மூக்கு மெல்ல உள்ளே திரும்பிக் கோடு பிடித்தது. ஒரு கோன்கூட விழவில்லை.

மறுபடி சுற்றினான். திரும்பவும் வழுக்கல், திரும்பவும் கை தளர்ந்தது. கண்ணாடிக்குள் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றிருந்தது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.