அஜந்தா வண்ணமும் காலமலைவும்

வரலாற்றுக் கதை ஒன்றை வகுப்பில் எடுத்துக்கொண்டால், மாணவர் முதலில் கேட்கும் கேள்வி, "இஃது உண்மையில் நடந்ததா?" என்பதேயாகும். இதற்கு ஆசிரியர் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றைச் சொல்லி மேலே சென்றுவிடுகின்றனர். "இது வெறுங்கற்பனை" என்பது ஒன்று. "ஆசிரியர் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்" என்பது மற்றொன்று. முதல் விடை மாணவனின் ஆர்வத்தைக் கெடுக்கிறது. இரண்டாம் விடையோ அதனினும் தீங்கானது. நாவலில் படித்ததை வரலாற்றுத் தேர்வில் எழுதும் நிலைக்கு அவனைக் கொண்டுசென்று விடுகிறது. ஒரு கதை காலத்தில் எங்கே பிறழ்ந்துள்ளது, அப்பிறழ்ச்சி கதையை எவ்வளவு தாக்குகிறது என்று ஆராயும் பயிற்சி நம் வகுப்புகளில் அருகியே காணப்படுகிறது.

வீட்டருகே உள்ள எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் முன்னோரைப் பற்றிக் கதை எழுதுகிறான் என்று கொள்வோம். 1910ஆம் ஆண்டில் தென்னமரம் தோட்டத்தில் அவனுடைய கொள்ளுப்பாட்டனார் செம்பனைக் குலை வெட்டினார் என்று எழுதுகிறான். மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது அதே தென்னமரம் தோட்டத்தில்தான். ஆயின் நடப்பட்ட ஆண்டு 1917. நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். இவரே பிற்காலத்தில் இந்நாட்டுத் தோட்ட வாழ்வை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசினைப் பெற்றவர். ஆகவே மாணவனின் கொள்ளுப்பாட்டனார் இல்லாத மரத்தில் ஏறாத குலையை வெட்டியவர் ஆகிறார்! அதே மாணவன் இன்னோரிடத்தில், 1960இல் தன் பாட்டி பெஸ்தாரி ஜெயாவில் பேருந்தைவிட்டு இறங்கினார் என்று எழுதுகிறான். பத்தாங் பெர்ஜுந்தாய் அப்பெயரைப் பெற்றது 2007இல்தான்.

இரண்டும் பிழைகளே. எனினும் இரண்டும் ஒரு நிறையின அல்ல. ஊர்ப்பெயரைத் திருத்தினால் பாட்டி அதே இடத்தில் இறங்குவார். கதைக்கு ஒன்றும் நேராது. முதற் பிழையைத் திருத்தினாலோ அம்மனிதர் செய்த வேலையே மாறிவிடுகிறது. குலை சாய்ப்பவனின் தோளும் கழுத்தும் படும் பாடு வேறு. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவுபவனின் பாடு வேறு. கையிலுள்ள கருவி, எழும் நேரம், உடல்நோவு யாவும் மாறும்போது அந்த அதிகாரத்தை முழுவதும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். திருத்திப் பார்த்தால் கதை நிற்கிறதா, சாய்கிறதா என்பதே பிழையின் நிறையை அறியும் வழி.

இக்கருத்துக்குத் தமிழ் இலக்கண மரபில் இடமுண்டு. தண்டியலங்காரம் செய்யுள் வழுக்களைக் கூறுமிடத்து 'மலைவு' என ஒன்றைச் சொல்லும். மலைவு என்பது முரண்படுதல். இடமலைவு, காலமலைவு, கலைமலைவு எனத் தொடங்கி அதன் வகைகள் கூறப்படும். அந்நூல் காலமலைவு என்றது பெரும்பொழுது சிறுபொழுது பற்றிய முரணையே. இரவில் தாமரை மலர்ந்தது என்பது போல்வன. அதனை ஆண்டுகளுக்கும் நூற்றாண்டுகளுக்கும் விரித்துக்கொள்வதில் தடையில்லை. கவிஞனின் திறத்தால் மலைவும் வழுவாகாது அமையும் இடங்கள் உண்டு என்பதையும் தண்டியாசிரியர் ஒப்புகிறார். பிழைகண்ட மாத்திரத்தில் நூலைத் தூக்கி எறியும் திறனாய்வு அவர்க்கு உடன்பாடன்று.

ஓவியன் ஒருவனைத் தேடிக் காலத்தைக் கடந்து செல்லும் கதைகளில் இச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படும். ஓவியம் நம் கண்முன் நிற்கிறது. அது தீட்டப்பட்ட நாளும் இடமும் பலவிடத்துத் தெரிந்திருக்கின்றன. கதாசிரியன் எங்கே வழுவினாலும் சுவரில் தொங்கும் படமே சாட்சி சொல்லிவிடும். ஆங்கிலேயத் தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் நெடுந்தொடரில், 2010ஆம் ஆண்டு ஜூன் 5இல் ஒளியேறிய பகுதி இதற்குச் சான்று. ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதிய அப்பகுதியில், காலப்பயணி ஒருவரும் ஏமி என்னும் இளம்பெண்ணும் 1890ஆம் ஆண்டுக்குச் சென்று ஓவியர் வின்சென்ட் வான்கோவைக் காண்கின்றனர். அவர் தீட்டிய ஒரு தேவாலயப் படத்தின் சாளரத்தில் தெரியும் விகார உருவமே அவர்களை அங்கே இழுத்துச் செல்கிறது.

அத்தொடரின் அன்பர்கள் அப்பகுதியில் பிழை தேடுவதையே ஒரு பொழுதுபோக்காகக் கொண்டனர். பிழைகளும் அகப்படாமல் இல்லை. அத்தேவாலயம் பாரிசுக்கு வடக்கே ஓவேர் என்னும் ஊரில் இருப்பது. கதையோ அதனைத் தென்பகுதியான பிரோவான்சில் வைக்கிறது. படம் தீட்டப்பட்ட 1890 ஜூன் மாதத்தில் வான்கோ தெற்கை விட்டு ஓவேருக்கு வந்துவிட்டார். ஜூலை 29இல் அவர் இறந்தார். இவற்றைத் திருத்தினால் கதைக்குச் சேதமில்லை. ஊரை மாற்றினால் போதும். ஆனால் மற்றொரு பிழை அவ்வளவு எளியதன்று. ஏமியின் தூண்டுதலால் வான்கோ சூரியகாந்திப் படத்தைத் தீட்டுவதாகவும், முடிவில் அருங்காட்சியகத்தில் தொங்கும் அப்படத்தின் பூச்சாடியில் அவள் பெயர் காணப்படுவதாகவும் கதை செல்கிறது. புகழ்பெற்ற சாடிச் சூரியகாந்திகள் 1888 ஆகஸ்டில் ஆர்ல் என்னும் ஊரில் தோன்றின. ஏமி வந்ததோ ஈராண்டு பிந்தி. அவர்களுடைய வருகையால் உலகில் மிஞ்சிய ஒரே தடயம் அப்பெயர்தான் என்பதால், இப்பிழையைத் திருத்தினால் இறுதிக் காட்சியே உதிர்ந்துவிடும். பார்ப்பவர் எவரும் அதனைப் பொருட்படுத்தாது கண்ணீர் விட்டனர் என்பது வேறு செய்தி. தன் படங்கள் உலகம் போற்றுவனவாய்ச் சுவரில் இருப்பதைக் கண்ட பின்னரும் அம்மனிதர் முப்பத்தேழாம் வயதில் மாய்வதை எவராலும் தடுக்க முடியவில்லை என்று கதை காட்டுகிறது. தண்டியாசிரியர் சொன்ன அமைதி அவ்விடத்தில் வாய்த்துவிட்டது எனலாம்.

தமிழில் இத்தகைய கதை எது? காலப்பயண எந்திரம் எதுவும் இல்லாமலே வாசகரைப் பதின்மூன்று நூற்றாண்டு பின்னே கொண்டுசென்ற கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அது. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்ட மகேந்திரவர்மர், அவர் மகன் நரசிம்மவர்மர், வாதாபிப் புலிகேசி ஆகிய அரசர்களின் போரே கதையின் உடல். ஆனால் கதையை முதலில் நகர்த்துவது போரன்று, ஒரு வண்ணக் குழம்பு. காஞ்சிக்கு அருகே காட்டிடை வாழும் ஆயனச் சிற்பி, அஜந்தா ஓவியங்களின் அழியா வண்ண இரகசியத்தை அறியத் துடிக்கிறார். அத்துடிப்பை நாகநந்தி என்னும் பிக்ஷு அறிந்துகொள்கிறான். வண்ண இரகசியம் வேண்டி அனுப்பும் ஓலை என்று நம்பிப் பரஞ்சோதி எடுத்துச் செல்வது, உண்மையில் காஞ்சியின்மேல் படையெடுத்து வருமாறு புலிகேசியை அழைக்கும் ஓலை. மகளின் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்று பாராத தந்தை வண்ணத்தின் நினைவிலேயே கிடக்கிறார். ஒரு கலைஞனின் மெய்யான வேட்கையைப் பகைவன் படைக்கலனாக்குவது இந்நாவலின் மிகக் கூர்மையான படைப்பு.

இனிக் காலத்தை நோக்குவோம். நாவலில் அஜந்தா உயிருள்ள கலைக்கூடம். நான்காம் பாகத்தில் புலிகேசி அங்கே கலைவிழா காண்கிறான். கல்கி எழுதிய நாளில் இவ்வாறு எண்ண இடமிருந்தது. அஜந்தாவின் முதற்குகையில் அயல்நாட்டார் போன்ற உடையணிந்தோர் அரசன் ஒருவன்முன் நிற்கும் ஓவியம் உண்டு. பாரசீக மன்னன் குசுருவின் தூதுவரைப் புலிகேசி வரவேற்கும் காட்சியே அது என்று ஜேம்ஸ் ஃபெர்குசன் 1879இல் கருதினார். அக்கருத்து நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் புலிகேசியின் நாட்டிலுள்ள மலைக்குகை மடம் ஒன்றை வருணித்திருப்பதும், அதனை அஜந்தா என்றே ஆய்வாளர் கொண்டதும் இதற்குத் துணையாயின. பின்னர் வால்ட்டர் ஸ்பிங்க் என்னும் அமெரிக்க அறிஞர் பல்லாண்டு அங்கேயே ஆய்ந்து, மகாயானக் குகைகளின் பெரும்பணி ஏறத்தாழ கி.பி. 462க்கும் 480க்கும் இடையே, வாகாடக மன்னன் ஹரிசேனன் நாளிலும் அதையடுத்தும் முடிந்துவிட்டது என நிறுவினார். ஓரிரு ஆண்டுகளில் கருத்து வேறுபடுவோர் உளர். எனினும் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதி என்பதே இன்று பெரும்பான்மை ஏற்பது. புலிகேசி அரியணை ஏறியது 610ஐ ஒட்டி. ஆயனர் வண்ண இரகசியம் வேண்டி ஏங்கிய நாளில், அதை அறிந்திருந்த கைகள் மண்ணாகி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

இப்பிழையைத் திருத்தினால் நாவல் சாயுமா? கலைவிழாக் காட்சி சாயும், ஐயமில்லை. ஓலை சாயாது என்பதே வியப்பு. நாகநந்தி கொடுத்தது எப்படியும் பொய் ஓலை. அஜந்தாவில் வண்ணம் அறிந்தோர் எவருமே உயிரோடில்லை என்றால், அவன் பொய் இன்னும் கொடியதாகிறது. ஆயனரின் ஏக்கம் இன்னும் இரங்கத்தக்கதாகிறது. கல்கி அறியாத உண்மை அவர் கதைக்கு வலுவூட்டுகிறது. காலமலைவு நூலுக்கு ஊறு செய்யாத இடம் இது.

கலைமலைவு பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. இவ்விடத்தில் கல்கியைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அஜந்தா ஓவியங்களில் மறைபொருளான ஒரு சாந்து ஏதுமில்லை. பாறைமேல் மண்ணும் உமியும் நாரும் கலந்த பூச்சு. அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு. அது உலர்ந்தபின் பசை சேர்த்த வண்ணம். செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், விளக்குக்கரி, வெண்மை ஆகியவை யாண்டும் கிடைப்பன. நீலம் ஒன்றே தொலைவிலிருந்து, ஆப்கானிய மலைகளின் நீலக்கல்லிலிருந்து வந்தது. காவிக்கல் மங்காது என்பதைக் காஞ்சிச் சிற்பி அறியாதிருப்பானா? ஆயனர் போன்ற பேராசான் காவியின் இயல்பறியாது மயங்கினார் என்பது அவருடைய அறிவுக்கு இழுக்கு. நாவலாசிரியர் தம் கதைக்கு வேண்டிய இரகசியத்தைப் படைத்துக்கொண்டு, அதற்காகத் தம் பாத்திரத்தின் தொழிலறிவைக் குறைத்துவிட்டார். தேதிப் பிழையைக் கணக்கிடுவோர் எவரும் இதனைச் சுட்டுவதில்லை.

பிற பிழைகள் சிறியன. மணிமங்கலப் போரைக் கூரம் செப்பேடு நரசிம்மவர்மருக்கு உரியதாகக் கூற, நாவல் அதனைத் தந்தையின் காலத்துக்கு முன்தள்ளுகிறது. இரண்டு படையெடுப்புகளை ஒன்றாக்கியதன் விளைவு இது. கதைச் சுருக்கம் கருதி ஏற்கலாம். மாமல்லபுரத்துக் கோயில்களை இராசசிம்மனுக்கே உரிமையாக்கி 1962இல் இரா. நாகசாமி எழுதியபின் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அதில் கல்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இப்போதைக்கு வழியில்லை.

மகேந்திரவர்மரைப் பற்றிய ஒரு செய்தியே மாணவர்க்குக் கட்டாயம் சொல்லத்தக்கது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவர் பெருமிதம் கொள்கிறார், அக்கோயில் நிற்கிறது. அவர் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகமும் கிடைத்துள்ளது. சித்திரகாரப்புலி என்ற பட்டமும் கல்லில் உள்ளது. ஆனால் அப்புலி தீட்டியது என்று உறுதியாகச் சுட்டத்தக்க ஓவியம் ஒன்றுமில்லை. சித்தன்னவாசல் ஓவியங்களை அவர்க்கு உரியவையாக்கிப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் எழுதினார். பல தலைமுறை மாணவர் அவ்வாறே மனப்பாடம் செய்தனர். பின்னர் அங்கே கண்ட கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் நாளில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குகையைப் புதுக்கியதைத் தெரிவித்தது.

கல்கி மகேந்திரரின் வாயிலாகவும் ஆயனரின் வாயிலாகவும் பேசவைத்த ஓவியக் கலை, இவ்வாறு சான்று முற்றும் அழிந்துபோன ஒரு வெற்றிடத்தில் நிற்கிறது. அவ்வெற்றிடத்தை வகுப்பில் மறைக்கலாகாது. நாவலின் முதற்பாகத்தைப் படித்து முடித்த மாணவர் முன்னே மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிவைக்கலாம்: அஜந்தாப் பெரும்பணி முடிந்த 480, புலிகேசி அரசேறிய 610, வாதாபி வீழ்ந்த 642. ஆயனரின் வேட்கையை எந்த ஆண்டுக்கு நகர்த்தினால் கதை என்னாகும் என்று அவர்களே எழுதட்டும். அஜந்தாச் சுவர்களைப் பார்த்து ஆங்கிலேயர் படியெடுத்த கதையையும் அதனோடு சேர்த்துச் சொல்லலாம். இராபர்ட் கில் 1844 முதல் ஆண்டுக்கணக்கில் வரைந்த படிகளுட் பெரும்பாலானவை 1866இல் இலண்டனில் தீக்கிரையாயின. அடுத்து ஜான் கிரிஃபித்ஸ் மாணவரை வைத்து வரைந்தவற்றுள் பல 1885இல் அதே நகரில் வேறொரு தீயில் எரிந்தன. குகைச் சுவரில் எஞ்சியிருப்பவை இன்னும் இருக்கின்றன.